சமையலறைச் சிவப்பு

என் புருஷன் எர்வின் வேறொரு பெண்ணின் சாப்பாட்டில் கை நனைக்கிறான் என்பதை நான் ஒரு மடக்கு ஒயினில் கண்டுபிடித்தேன். சட்டையில் ஒட்டிய முடி, ஒளித்துவைத்த கடிதம், அக்கம்பக்கத்துக் கிசுகிசு எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு மடக்கு.

அக்டோபர் மாதம், புதன்கிழமை. எங்கள் ஆஸ்திரேலியாவில் அது வசந்தம். திராட்சைக் கொடிகள் துளிர்விட்டு ஒரு சாண் வளர்ந்திருந்தன. தேன் பிஸ்கட் சுட்டு ஆறவைத்திருந்தேன். நான்கைத் துணியில் முடிந்துகொண்டு, இரண்டை வாயில் போட்டு மென்றபடி, எர்வினுக்குக் கொடுக்கலாமென்று ஒயின் ஷெட்டுக்கு நடந்தேன். அவன் அங்கே இல்லை. டிராக்டரும் இல்லை. பீப்பாய்களுக்கு நடுவே கிடக்கும் மேஜையில் ஒரு பாட்டில் நின்றது. அதில் ஒட்டியிருந்த தாளில், மூன்று வகைத் திராட்சைக்கும், கிரெனாஷ் இத்தனை பங்கு, ஷிராஸ் இத்தனை பங்கு, மட்டாரோ இத்தனை பங்கு என்று கலவைக் கணக்கு எழுதியிருந்தது. கையெழுத்து எர்வினுடையது அல்ல. ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் எர்வின் ஏழுக்குக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு கிளாஸில் ஊற்றி நின்றபடியே குடித்தேன். முகம் தானாகச் சுளித்துக்கொண்டது. பால் விடாத கடுந்தேநீர்போல ஒரே துவர்ப்பு, அடியில் ஒரு கசப்பு. பழம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு ஒயினும் இனிப்பில்லாததுதான், துவர்ப்பு உள்ளதுதான். ஆனால் அது நம்மைத் தெரிந்த மனிதர் மாதிரி பேசும். இது வாசலில் நின்று பெயர் கேட்கும் அதிகாரி மாதிரி இருந்தது.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தேன்.

எங்கள் ஒயினின் பெயர் 'சமையலறைச் சிவப்பு'. எங்கள் பரோஸா பள்ளத்தாக்கில் சின்னதாக ஒயின் போடுகிறவர்கள் பலர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு கலவையை முடிவு செய்வார்கள். நாங்கள் என் சமையலறை மேஜையில் முடிவு செய்கிறோம். வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்ததும், எர்வின் மூன்று மாதிரிப் பாட்டில்களைக் கொண்டுவந்து வைப்பான். எது எதுவென்று தெரியாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் அவனுடைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிடுவான், துவைத்த காலுறைதான். நான் புகையிட்ட பன்றி இறைச்சியும், வெண்ணெயைப் பொன்னிறமாகக் காய்ச்சிப் புரட்டிய முட்டை நூடுல்ஸும், பாலேட்டில் ஊறிய வெள்ளரிக்காயும் பரிமாறுவேன். ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாப்பிட வேண்டும், கை எந்தப் பாட்டிலுக்குப் போகிறதோ அதிலிருந்து ஊற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தட்டுகள் காலியானதும் காலுறையைக் கழற்றிப் பார்ப்போம். எந்தப் பாட்டில் அதிகம் குறைந்திருக்கிறதோ, அந்த வருஷத்துக்கு அதுதான் கலவை.

"கேட்டா ஆளாளுக்குப் பெரிசா பேசுவாங்க. பாட்டிலப் பாத்தா தெரிஞ்சிடும்" என்பான் எர்வின்.

ஆகவே அந்த ஒயின் என் சாப்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இறைச்சியின் கொழுப்பு அதன் துவர்ப்பைத் தணிக்கும், துவர்ப்பு கொழுப்பைத் துடைத்து நாக்கை அடுத்த கவளத்துக்குத் தயார் செய்யும். வாங்கிப்போகிறவர்கள் கடிதம் எழுதுவார்கள். அவன் பெயர் லேபிளில் இருக்கிறது, என் பெயர் இல்லை. அதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சமையலறை என்று போட்டிருக்கிறதே, அது நான்தானே என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் அக்டோபரின் முதல் ஞாயிறு போனது, இரண்டாவதும் போனது, பாட்டில் வரவில்லை. கேட்டபோது, "இந்தத் தடவ ஷெட்லயே பாத்துக்கறேன் வெர்னா, உனக்கு எதுக்கு வேலை" என்றான். பாட்டிலில் அடைக்கும் லாரி அடுத்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது. நானும் போகட்டுமென்று விட்டேன். இப்போது கையில் கிளாஸோடு நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து, "மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் கூடவே வை" என்று சொல்கிறான். பசி கூடியிருக்கிறது என்று பூரித்துப்போய், இறைச்சியும் ரொட்டியும் வெள்ளரிக்காயும் அடுக்கி அனுப்பினேன். மூன்று வாரம் முன்பு டப்பாவைக் கழுவும்போது எங்கள் வீட்டு முள்கரண்டிக்குப் பதிலாக வேறொன்று கிடந்தது. கைப்பிடியில் திராட்சை இலை செதுக்கியது. எங்கேயோ மாறியிருக்கும் என்று அலமாரியில் போட்டுவிட்டேன்.

ஏழுக்குக் கோடு போடுகிறவள் யாரென்றும் எனக்குத் தெரியும். டெஸ்பினா.

டெஸ்பினா எங்கள் வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கிரேக்கக் குடும்பத்துப் பெண், ஆடிலெய்டில் பிறந்து வளர்ந்தவள். பெரிய ஒயின் ஆலையில் இருபது வருஷம் ருசி பார்க்கும் வேலை செய்தவள். புருஷனோடு இங்கே தோட்டம் வாங்கி வந்தாள், அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. அவள் மூக்கைப் பற்றி ஊரே பேசும். போகட்டும், மூக்கைப் பற்றி எனக்கென்ன? என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் ஊர்க் கண்காட்சியில் சோயிக்கீரை என்கிற சதகுப்பை இலை போட்ட ஊறுவெள்ளரிக்குப் பரிசு உண்டு. இங்கே ஜெர்மன் வழி வந்த குடும்பங்களுக்கு அது தேர்தலைவிடப் பெரிய விஷயம். பதினோரு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு எனக்குத்தான். பன்னிரண்டாவது வருஷம் இவள் முதல் தடவையாக ஒரு ஜாடி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது. கையைக் குலுக்கி, "உங்க ஜாடியப் பாத்துதான் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தாள். அன்று முதல் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

வெள்ளரியை எடுத்துக்கொண்டாள், இப்போது புருஷன்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்புவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. வெளியே ருசியாகத் தின்றுவிட்டு வருகிறவன் வீட்டுச் சோற்றை எந்த லட்சணத்தில் சாப்பிடுகிறான் என்று பார்த்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சமையலில் வேண்டுமென்றே கோளாறு செய்தேன். புகையிட்ட இறைச்சிக்குப் பதிலாக, புகையே காட்டாத உப்புக்கண்டத்தைத் தண்ணீரில் வேகவைத்தேன். நூடுல்ஸுக்கு வெண்ணெயைக் காய்ச்சவில்லை, டப்பாவிலிருந்து மார்ஜரினை வழித்துப் போட்டேன். வெள்ளரிக்காயில் கீரை கிள்ளிப் போடவில்லை. நிறத்திலும் உருவத்திலும் எல்லாம் எப்போதும்போல. வாசனை மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

அவன் முதல் வாய் எடுத்தான். வழக்கம்போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரமாதம் வெர்னா" என்றான். "இன்னிக்குப் புகை நல்லா ஏறியிருக்கு."

இல்லாத புகையைப் பாராட்டுகிறான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்னால் இருக்கும் தட்டைக்கூடப் பார்க்கவில்லை, மனசு முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, வாய் மட்டும் எனக்குக் கப்பம் கட்டுகிறது என்று நினைத்தேன். தப்புச் செய்கிறவன்தான் இப்படி வாரி வழங்கிப் பாராட்டுவான்.

"நெஜமாவா?" என்றேன்.

"நெஜமா. நூடுல்ஸும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் வை."

வைத்தேன். கரண்டியைத் தட்டில் வேகமாகத் தட்டியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவன் பூஞ்சை மருந்து வாங்க ஊருக்குள் போனான், கொடிகளுக்குத் தெளிக்கிற மருந்து. நான் அந்த முள்கரண்டியை எடுத்துக்கொண்டு வடக்கு வேலியைத் தாண்டினேன். டெஸ்பினா முற்றத்தில் ரப்பர் பூட்ஸோடு நின்று வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா! வாங்க வாங்க. காப்பி போடட்டுமா?"

"இது உங்களோடதா?" முள்கரண்டியை நீட்டினேன்.

"ஐயோ, ஆமா! எத்தன நாளாத் தேடறேன். எங்கம்மா குடுத்தது."

"என் புருஷனும் உங்களோடதா?"

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நெனக்கிற மாதிரி ஒண்ணுமில்ல."

"நான் என்ன நெனக்கிறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முள்கரண்டிய நீங்க பிடிச்சிருக்கிற விதமே சொல்லுதே. கீழ வையுங்க மொதல்ல."

நான் வைக்கவில்லை. "ஷெட்ல ஒரு பாட்டில் இருக்கு. எழுத்து உங்களோடது. கலவையும் உங்களோடது. அது எங்க வீட்டு ஒயினே இல்ல. கசப்பும் துவர்ப்புமா, ஏதோ எலுமிச்சம்பழம் பிழிஞ்ச ஆட்டுக்கறிக்குச் செஞ்ச மாதிரி. உங்க வீட்டுச் சாப்பாட்டுக்குச் செஞ்ச ஒயின் அது. இல்லேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

டெஸ்பினா ஓர் அடி கிட்டே வந்தாள்.

"அவரு உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள். "சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னாரே. போன மாசமே."

"என்ன சொல்லணும்?"

"எர்வினுக்கு மூக்கு போச்சு வெர்னா. ஜூலைல ஒரு காய்ச்சல் வந்துதே, அதோட வாசனையே தெரியல. வாசனை போனா ருசி எங்க இருக்கும்? உப்பு தெரியும், புளிப்பு தெரியும், துவர்ப்பு நாக்குல உறைக்கும். மத்ததெல்லாம் வெறும் அட்டை."

உட்கார இடம் தேடினேன். கவிழ்த்த வாளிதான் இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட வந்து சொன்னானா?"

"சொல்லல. நானே பாத்தேன். ஆகஸ்ட்ல ஏணி கேக்க ஷெட்டுக்கு வந்தேன். பீப்பாயில குறைஞ்சத ரொப்ப ஒரு ஜாடிய எடுத்துச் சாய்க்கப் போனாரு. எனக்கு வாசல்லயே அடிச்சிருச்சு, ஜாடில இருந்த ஒயின் காடியாப் புளிச்சுப் போயிருக்கு. அவரு மூக்குக்குக் கீழ வச்சு மோந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னாரு. நான் கையத் தட்டி விட்டேன். அப்புறம்தான் ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம்."

ஐந்து நிமிஷம். ஏணி கேட்க வந்தவள் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். மூன்று மாதமாகக் காலையும் ராத்திரியும் எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. வேறொரு பெண்ணோடு படுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று அந்த வாளியில் உட்கார்ந்து நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"கலவைக்கு உதவி கேட்டாரு, செஞ்சேன்" என்றாள் டெஸ்பினா. "ஆனா எங்க வீட்டுச் சாப்பாட்டோட இல்ல. அவரு டப்பால நீங்க வச்சு அனுப்பினீங்களே, அந்த இறைச்சி, அந்த வெள்ளரிக்கா, அதோடதான் ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன். ஷெட்லதான். என் கரண்டிய எடுத்துட்டு வந்து தின்னேன், அவ்வளவுதான் நான் செஞ்ச பாவம். உங்க இறைச்சியோட அந்த ஒயின் கசக்க வாய்ப்பே இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க எத சாப்பிட்டுட்டுக் குடிச்சீங்க?"

நான் கையிலிருந்த முள்கரண்டியைப் பார்த்தேன்.

"வெர்னா?"

"தேன் பிஸ்கட்."

அவள் சட்டென்று குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. இனிப்பைத் தின்ற வாயில் இனிப்பில்லாத சிவப்பு ஒயினை ஊற்றினால் அது வெறும் கசப்பாகத்தான் இறங்கும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாண வீட்டில் கேக் வந்ததும் நானே ஓடி ஓடி மேஜையிலிருந்து சிவப்புப் பாட்டில்களை எடுக்கிறவள். மேஜைக்கென்று செய்த ஒயினை மேஜையே இல்லாமல், நின்றபடி, பிஸ்கட் வாயோடு குடித்துவிட்டு, அதற்குத் தீர்ப்பும் எழுதியிருக்கிறேன். பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு நாக்கையே மறைத்துவிட்டது.

முள்கரண்டியை அவள் கையில் கொடுத்தேன். காப்பி வேண்டாம் என்றேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை, அதனால் சொல்லவில்லை.

எர்வின் மத்தியானம் திரும்பி வந்தான். அவன் தொப்பியைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"நேத்து நூடுல்ஸ்ல மார்ஜரின்தான் போட்டேன் எர்வின். இறைச்சியில புகையே இல்ல. வெறும் உப்புக்கண்டம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"டெஸ்பினா சொன்னாளா?"

"அவதான் சொல்ல வேண்டியிருக்கு! வேலிக்கு அந்தப் பக்கம் போய் என் புருஷனுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்! ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"டாக்டர் திரும்ப வரலாம்னு சொன்னாரு. வந்துடும், வந்துடும்னு பாத்தேன்."

"அது பதில் இல்ல."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நீ தட்ட வச்சதும் என் மொத வாயப் பாப்பே வெர்னா. முப்பத்தொரு வருஷமாப் பாக்கறே. நான் நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் உன் கரண்டியையே எடுப்பே. எனக்கு ஒண்ணும் தெரியலேன்னு எந்த வாயால சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "நாளைக்கு ஞாயிறு. பழைய கலவை ஒண்ணு, அவளோடது ஒண்ணு, ரெண்டையும் என் மேஜைக்குக் கொண்டு வா. காலுறை மாட்டிக் கொண்டு வா."

ஞாயிறு மத்தியானம் உண்மையான சமையல் செய்தேன். இறைச்சி எங்கள் புகைக்கூண்டில் ஏற்கெனவே மூன்று நாள் தொங்கியிருந்தது. வெண்ணெய் பொன்னிறமாகி வாதுமை வாசனை வீசும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. எர்வின் இரண்டு பாட்டில்களை வைத்தான். ஒன்றுக்கு நீலக் காலுறை, ஒன்றுக்குச் சாம்பல் காலுறை. தன் கிளாஸில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

"என் ஓட்டு செல்லாது. நீ மட்டும் குடி" என்றான்.

நீலத்தில் ஒரு வாய் குடித்ததுமே அது பழைய கலவை என்று தெரிந்துவிட்டது. எங்கள் கலவை. கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். எது எப்படியிருந்தாலும் நீலம் என்றுதான் சொல்லப்போகிறேன். அவன் நாக்கு இப்போது என் வாயில் இருக்கிறது, நான் சொல்வதுதான் தீர்ப்பு. வெள்ளரிப் பரிசை விட்டுக் கொடுத்தேன், இந்த மேஜையை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

"எப்படி இருக்குன்னு சொல்லேன்" என்றான் எர்வின். "ஒயின் இல்ல. ஒயினப் பேசக் கூடாது. சாப்பாடு."

சொன்னேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லச் சொல்ல வந்தது. தோல் ஓரத்தில் புகை தூக்கலாக இருக்கிறது, உள்ளே போகப் போக இனிக்கிறது என்றேன். வெள்ளரிக்காயில் கீரை முந்திக்கொண்டு வருகிறது, கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். எனக்குத் தெரியாத ஒன்றையும் அவன் சொன்னான்: என் நூடுல்ஸ் பல்லில் படும்போது முதலில் வழுக்கி, பிறகு கொஞ்சம் எதிர்த்து நிற்குமாம். இத்தனை வருஷம் ருசி மறைத்துக்கொண்டிருந்ததாம். ஆகஸ்டிலிருந்துதான் கவனிக்கிறானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பேசினேன், தின்றேன், குடித்தேன். மறுபடி இறைச்சி எடுத்தேன், மறுபடி குடித்தேன். பல மாதமாக நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசவில்லை.

தட்டுகள் காலியாயின.

"எது?" என்றான்.

"நீலம்" என்றேன். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

அவன் தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு காலுறைகளையும் கழற்றினான். பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். நீலக் காலுறைப் பாட்டில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. சாம்பல் காலுறைப் பாட்டிலில் பாதிக்கு மேல் காணவில்லை.

அவன் தண்ணீர்தான் குடித்தான். இரண்டிலும் குறைந்தது எல்லாம் நான் குடித்தது.

என் கை எப்போது அந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏன் போனது என்று தெரிந்தது. அந்த ஒயின் என் புகையை அப்படியே தாங்கிப் பிடித்திருந்தது. கொழுப்பை அறுத்துவிட்டு, வெண்ணெய்க்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று, வெள்ளரியின் புளிப்பு வந்தபோது முகம் கோணாமல் இருந்தது. முப்பத்தொரு வருஷமாக நானும் எர்வினும் சேர்ந்து செய்த எந்தக் கலவையையும்விட அது என் சாப்பாட்டை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. அவள் என் டப்பாவிலிருந்து ஆறிப்போன இறைச்சியைத் தின்று இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். இப்படி என் சமையலைச் சாப்பிட்டவர் வேறு யாருமில்லை.

எர்வின் பாட்டில்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தன் கிளாஸிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பழைய கலவைப் பாட்டிலை எடுத்து விளிம்புவரை ஊற்றினான். ஒரே மூச்சில் குடித்தான். மறுபடி ஊற்றினான்.

"என்ன பண்றே?"

"குறைக்கறேன்."

"என்னத்த?"

"நீலம்னு சொல்லிட்டே. அதுதான் குறையணும். இன்னும் ரெண்டு கிளாஸ் போதும்."

ருசி தெரியாத ஒயினை மருந்து குடிப்பதுபோல அவன் குடித்தான். துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடித்திருக்க வேண்டும், முகம் இழுத்தது. பாட்டிலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆயுசு முழுக்கச் சொன்னவன், எனக்காக அந்தப் பாட்டிலையே பொய் சொல்லவைக்கிறான். மூன்றாவது கிளாஸுக்குப் பாட்டிலைச் சாய்த்தபோது நான் பிடுங்கிக்கொண்டேன்.

"போதும். விடு."

போனை எடுத்து டெஸ்பினாவைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"டெஸ்பினா, வியாழக்கிழமை லாரி வருது. உன்னோட கலவையே அடைக்கப் போறோம்." அவளை முதல் தடவையாக நீ என்று சொல்கிறேன் என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

"வெர்னா, நீங்க கட்டாயத்துக்காக..."

"நடுவுல பேசாத. லேபிள்ல சமையலறைன்னு போட்டிருக்கு. ஷெட்ல கலந்தத அப்படிச் சொல்லி விக்க முடியாது. நாளைக்கு மத்தியானம் இங்க வா. என் மேஜையில உக்காந்து, என் தட்டுல சூடா சாப்பிட்டுட்டு, என் கண்ணு முன்னாடி கல. வருஷா வருஷம் இனிமே அப்படித்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஊறுவெள்ளரி கொண்டு வரட்டுமா?" என்றாள்.

"கொண்டு வந்தேன்னா வாசலோட திரும்பிப் போயிடு."

போனை வைத்தேன். எர்வின் சிரித்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து குடிக்காதவன் அடுத்தடுத்து இரண்டு கிளாஸ் ஏற்றியதில் காது சிவந்திருந்தது. தட்டை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ்."

"ருசி தெரியாம எதுக்குடா உனக்கு?"

"சூடா இருக்கு. வழுவழுன்னு இருக்கு" என்றான். "அப்புறம், நீ பாத்துட்டே இருப்பே."

வைத்தேன். அவன் முதல் வாய் எடுக்கும்போது பார்க்கவே கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். முடியவில்லை. பார்த்தேன்.